ரெண்டு ஏழாம் நம்பர்

உங்க பஸ் டிக்கெட்டைக் கொஞ்சம் காட்டுங்க. இல்லீங்க, நான் செக்கர் இல்லை. தேதி எப்படிப் போட்டிருக்கான்னு பாக்கத்தான். பாத்தீங்களா, பூஜ்ஜியம் ஒம்பது, பதினொண்ணு. இது நவம்பர் ஒம்பதா, செப்டம்பர் பதினொண்ணா? இன்னைக்கு நவம்பர் ஒம்பதுன்னு உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஒரு வருஷம் கழிச்சு இந்தச் சீட்டை எவனாச்சும் எடுத்துப் பாத்தா அவனுக்கு எப்படித் தெரியும்?

சிரிக்கறீங்க. சிரிங்க. ஆறு மாசத்துக்கு முன்னால என்கிட்ட யாராச்சும் இப்படிக் கேட்டிருந்தா, நானும் இவளுக்கு வேற வேலை இல்லையான்னுதான் நினைச்சிருப்பேன். நினைச்சேன். நினைச்சதோட நின்னிருந்தாப் பரவால்லைங்க.

என் பேரு தெய்வநாயகி. நாயகின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி, பேரு வேண்டாம், அங்க லேபுல இருக்கேன். ரத்தம் மூத்திரம் பாக்கற லேபு இல்லை. உடம்புல கட்டின்னு வந்தா அதுல ஒரு துண்டு எடுத்து அனுப்புவாங்க பாருங்க, அது கெட்ட கட்டியா வெறும் கட்டியான்னு பாக்கற லேபு. வர்ற சதையை மெழுகுல பதிச்சு ஒரு சின்னக் கட்டியா ஆக்குவோம். பிளாக்குன்னு பேரு. அரைத் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். அதுல இருந்து வெங்காயத்தோலை விட மெல்லிசாச் சீவி, கண்ணாடித் துண்டுல ஒட்டி, சாயம் போட்டு டாக்டர்கிட்டக் குடுக்கணும். இருபத்திரெண்டு வருஷமா இதுதான் வேலை.

எங்க டாக்டர் தண்டபாணி. தங்கமான மனுசன். காலையில உள்ள வந்தார்னா நேரா என் மேசைக்குத்தான் வருவார். "நாயகிம்மா, இன்னைக்கு என்ன கதை?"ன்னு கேப்பார். நான் சொல்லுவேன், இத்தனை வந்திருக்குது, இது அவசரம், இது பழைய ஆளோடது, ரெண்டு வருஷத்துக்கு முன்னால இன்ன டிராயர்ல இருக்குதுன்னு. எல்லாம் மண்டையில இருக்கும். வெளியில இருந்து டாக்டருங்க வந்தா என்னைக் காட்டிச் சொல்லுவார்: "எங்க லேபுக்கு கம்ப்யூட்டரே தேவையில்லை, நாயகிம்மா இருக்காங்க." என் கண்ணு முன்னாலயே சொல்லுவார்.

போன மே மாசம் நடுவுல ஒரு பொண்ணு வேலைக்குச் சேந்துச்சு. பெனிட்டா. தூத்துக்குடிப் பக்கம். இருபத்தாறு வயசு. நல்ல பொண்ணுதான், நான் குறை சொல்ல வரலை. சிரிச்ச மூஞ்சி. வந்த மூணாம் நாளே "எக்கா, எக்கா"ன்னு பின்னாலயே சுத்துச்சு. என் டிபன் பாக்ஸைத் திறந்து "என்னக்கா கொண்டாந்திருக்கீங்க"ன்னு எட்டிப் பாத்துச்சு. எனக்கும் பிடிச்சுத்தான் இருந்துச்சு, முதல் ரெண்டு வாரம்.

அப்புறம் அது லேபிளைப் பாக்க ஆரம்பிச்சுச்சு.

அது என்னன்னு சொல்லிடறேன், இல்லைன்னா உங்களுக்குப் புரியாது. பிளாக்கு மேல பேரு எழுத இடம் கிடையாது. தேதியும் அன்னைக்கு எத்தனாவதுங்கற நம்பரும்தான் இருக்கும். தினமும் ஒண்ணுல இருந்து ஆரம்பிப்போம். யாரோடதுன்னு நோட்டுல இருக்கும். அதனால தேதிதான் உயிரு. அந்தத் தேதியை அடிக்க ஜனவரியில ஒரு மிஷின் வாங்கினாங்க. நல்ல மிஷின்தான், ஆனா ஒரு கோளாறு. கரண்ட் போய்ட்டு வந்துச்சுன்னா தானா மாசத்தை முன்னாலயும் தேதியைப் பின்னாலயும் மாத்தி அடிக்கும். வெளிநாட்டுக்காரன் பழக்கம் போல. யாராச்சும் கவனிச்சு மறுபடி சரி பண்ற வரைக்கும் அப்படியே ஓடிட்டிருக்கும்.

நான் கவனிப்பேன். தலைகீழா அடிச்ச லேபிளுக்கெல்லாம் மூலையில ஒரு சின்னப் பென்சில் புள்ளி வெச்சிருவேன். கண்ணுக்கே தெரியாது, எனக்குத் தெரியும். புள்ளி இருந்தா மாசம் முன்னால. புள்ளி இல்லைன்னா தேதி முன்னால. அவ்வளவுதான். யார்கிட்டயும் சொன்னதில்லை. ஏன் சொல்லலைன்னு கேட்டா... யாரும் கேக்கலைங்க. என்கிட்ட வந்தா நான் எடுத்துக் குடுத்துருவேன். அப்புறம் எதுக்கு மத்தவங்களுக்கு?

ஜூன் பத்தாம் தேதி திங்கக்கிழமை. டீ குடிக்கற நேரத்துல இந்தப் பொண்ணு எங்க அஞ்சு பேருக்கும் ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதம் குடுத்துச்சு. "எக்கா, இன்னைக்குத் தேதியை எழுதுங்க, ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் எழுதாதீங்க"ன்னுச்சு. ஏதோ விளையாட்டுன்னு எழுதிக் குடுத்தோம். அது அஞ்சையும் வரிசையா மேசை மேல வெச்சு டாக்டரைக் கூப்பிட்டுச்சு.

ஒருத்தர் பத்து புள்ளி ஆறுன்னு எழுதியிருந்தார். ஒருத்தர் வருஷத்தோட. ஒருத்தர் ஜூன்னு இங்கிலீஷ்ல. டாக்டரும் எழுதினார், அவர் அமெரிக்காவுல ரெண்டு வருஷம் படிச்சவர், ஆறு முதல்ல, பத்து பின்னால. என்னோடது பத்து பார் ஆறு.

"சார், இந்த ரெண்டையும் பாருங்க. அக்காவோடதும் உங்களோடதும். ரெண்டும் ஒரே நாள். ஆனா நாளைக்கு வேற யாராவது பாத்தா ஒண்ணு ஜூன், ஒண்ணு அக்டோபர்."

டாக்டர் கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டுக் குனிஞ்சு பாத்தார்.

"வருஷம் முதல்ல நாலு நம்பர், அப்புறம் மாசம் ரெண்டு நம்பர், அப்புறம் தேதி ரெண்டு நம்பர். நடுவுல சின்னக் கோடு. எல்லாரும் இப்படியே எழுதினா யாருக்கும் சந்தேகம் வராது சார். கண்ணாடித் துண்டைப் போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டர்ல சேமிக்கறோம்லா, அதுக்கும் இப்படியே பேர் வெச்சா தானா வரிசையில நிக்கும். நாம அடுக்கவே வேண்டாம்."

எனக்குக் கடுப்பு தாங்கலைங்க. "உலகத்துல எங்கயாச்சும் வருஷத்தை முதல்ல எழுதுவாங்களா?"ன்னேன். "பொறந்த தேதி கேட்டா வருஷத்தையா முதல்ல சொல்லுவாங்க? ஒரு கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாரு."

டாக்டர் என்னையே பாத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சார். "நாயகிம்மா, நிகழும் மங்களகரமான குரோதி வருஷம், வைகாசி மாசம், இத்தனாம் தேதி. பத்திரிகையில வருஷம்தானே முதல்ல வருது?"

எல்லாரும் சிரிச்சாங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சுச்சு. சிரிச்சுட்டு, "எக்கா நம்ம பக்கம்தான் பேசியிருக்காங்க சார்"ன்னுச்சு. அதுதான் எனக்கு ஆகலை. என்னைக் காப்பாத்தற மாதிரி. நான் கேட்டனா?

அன்னைக்குச் சாயங்காலமே கம்ப்யூட்டர்ல போட்டோவுக்கெல்லாம் பேரு மாத்தி டாக்டருக்குக் காட்டுச்சு. அவர் சின்னக் குழந்தை மாதிரி, "தானா நிக்குது பாருங்க, தானா நிக்குது"ன்னு போற வர்றவங்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். மறுநாள் காலையில உள்ள வந்தவர் என் மேசையைத் தாண்டிப் போய் அது மேசையில நின்னார்.

"பெனிட்டா, இன்னைக்கு என்ன கதை?"

அதே வார்த்தைங்க. ஒரு வார்த்தை கூட மாத்தலை. வேற எதையாச்சும் கேட்டிருந்தாக் கூட எனக்குப் பெருசாத் தெரிஞ்சிருக்காது.

பொறாமைன்னு நினைச்சுக்காதீங்க. எனக்கு அந்தப் பொண்ணு மேல என்னங்க பொறாமை? என் வயசு என்ன, அது வயசு என்ன? மிஷினைக் கூடச் சரி பண்ணி வெச்சுருச்சு. எவனோ ஒரு கம்பெனிக்காரனுக்கு போன் பண்ணி, அரை மணி நேரம் அவன்கூடப் பேசி, கரண்ட் போனாலும் மாறாத மாதிரி செஞ்சுருச்சு. ஆறு மாசமா நான் புள்ளி வெச்சிட்டிருந்தேன். அது அரை மணி நேரத்துல செஞ்சுருச்சு. நல்லதுதானே. நான் ஒண்ணும் சொல்லலை.

டாக்டர் ஒரு வேலை குடுத்தார் எனக்கு. ஜனவரியில இருந்து மிஷின்ல அடிச்ச பழைய பிளாக்குக்கெல்லாம் புது முறையில லேபிள் ஒட்டணும். "உங்களுக்குத்தான் நாயகிம்மா எது எதுன்னு தெரியும். ஒரு வாரத்துல முடிச்சிருங்க"ன்னார். அந்தப் பொண்ணு கொண்டு வந்த முறைக்கு நான் உக்காந்து லேபிள் ஒட்டணும். ஒட்டினேன். வயித்துக் கட்டி டிராயர் முடிச்சேன், கழுத்துக் கட்டி முடிச்சேன். மார்புக் கட்டி டிராயரை வெளிய எடுத்து, எல்லாத்தையும் மேசையில கொட்டி, திரும்பவும் உள்ள அள்ளி வெச்சுட்டேன். அன்னைக்கு எனக்கு ஓடலை. மனசு சரியில்லை. டாக்டர் கேட்டப்ப, "முடிஞ்ச மாதிரிதான் சார்"ன்னேன். முடிஞ்ச மாதிரிதான்னா கிட்டத்தட்டன்னு அர்த்தம். பொய் இல்லை.

சனிக்கிழமை, ஜூன் பதினஞ்சு. நான் பிளாக்கு சீவற மிஷின் முன்னால உக்காந்திருக்கேன். அதுல இருந்து தலையைத் தூக்கக் கூடாது, தூக்கினா கிழிஞ்சுரும். அந்தப் பொண்ணு மார்புக் கட்டி டிராயரோட வந்து பக்கத்துல நின்னுச்சு.

"எக்கா, டாக்டர் அஞ்சாம் தேதி ஏழாம் நம்பர்ல இன்னொரு தடவை சீவச் சொல்றார். முதல் தடவை பாத்ததுல அவருக்குச் சந்தேகமாம். இதுல ரெண்டு ஏழு இருக்குது. ரெண்டுலயும் பூஜ்ஜியம் அஞ்சு, பூஜ்ஜியம் ஆறுன்னுதான் இருக்கு. ஒண்ணு மே ஆறா இருக்கும் போல. எதுக்கா ஜூன்?"

ஒரு நொடி வேலைங்க. திரும்பிப் பாத்திருந்தா புள்ளி தெரிஞ்சிருக்கும்.

நான் திரும்பலை. "முன்னால இருக்கறதுதான் புதுசு. எடுத்துட்டுப் போ"ன்னேன்.

"முன்னால இருக்கறதாக்கா?"

"ஒரு தடவை சொன்னாப் புரியாதா?"

போயிருச்சு.

வழக்கமா அப்படித்தாங்க. புதுசு வந்தா முன்னாலதான் வெப்பேன். இருபத்திரெண்டு வருஷமா அப்படித்தான் வெக்கறேன். நான் சொன்னது வழக்கம். அந்த வாரம் நான் அதைக் கொட்டி அள்ளி வெச்சது அந்த நேரத்துல ஞாபகத்துல இல்லை. ஞாபகத்துல இல்லைன்னுதான் நினைக்கறேன்.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க. கிணத்துக்கடவு தாண்டிட்டோம் போல.

அந்த ஜூன் அஞ்சு ஏழாம் நம்பர் யாருன்னா, சுலோச்சனான்னு ஒரு அம்மா. நாப்பத்தொரு வயசு. ஸ்கூல்ல சத்துணவு சமைக்கறவங்க. ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. ஊரு கோமங்கலம். ஆமாங்க, நான் இப்ப இறங்கப் போற கோமங்கலம்தான். மே ஆறு ஏழாம் நம்பர் வேற யாரோ சின்னப் பொண்ணு, வெறும் கொழுப்புக் கட்டி, ஒண்ணுமில்லைன்னு அப்பவே சொல்லி அனுப்பியாச்சு.

பெனிட்டா கொண்டு போனது அந்தக் கொழுப்புக் கட்டியை. அதைச் சீவிச் சாயம் போட்டு டாக்டர் பாத்தார். முதல் தடவை சந்தேகமா இருந்தது இப்ப சுத்தமா இருக்குதுன்னு அவருக்கே சந்தோஷம். ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்துட்டார். செவ்வாக்கிழமை அந்த அம்மா ரிப்போர்ட் வாங்க வந்தாங்க. வாங்கிட்டு நேரா லேபுக்கு வந்து, ஒரு டப்பா ஜிலேபி. "நீங்கதானுங்க பாத்துச் சொன்னீங்க, எடுத்துக்குங்க"ன்னு ஒவ்வொருத்தருக்கும் அவங்களே கையில எடுத்துக் குடுத்தாங்க. எனக்கும் குடுத்தாங்க. சாப்பிட்டேன்.

வெள்ளிக்கிழமை டாக்டர் மறுபடியும் கேட்டார், மார்புக் கட்டி டிராயர் ஆச்சான்னு. சரி, இன்னைக்கு ஒட்டி முடிச்சுரலாம்னு உக்காந்தேன். ஒவ்வொண்ணா எடுக்கறேன். ஏழாம் நம்பர் கைக்கு வந்துச்சு. மூலையில புள்ளி. மே ஆறு. ஆனா அதோட மூஞ்சி புதுசாச் சீவியிருக்குது. மெழுகு பளபளன்னு இருக்குது. இன்னொரு ஏழைத் தேடி எடுத்தேன். புள்ளி இல்லை. ஜூன் அஞ்சு. அதுல கத்தி பட்டு ரெண்டு வாரம் ஆகியிருக்குது, மெழுகு மங்கிப் போயிருக்குது.

அந்த ஜிலேபி ஞாபகம் வந்துச்சு.

உங்ககிட்ட மறைக்கறதுக்கு என்ன இருக்குது, இன்னும் அரை மணி நேரத்துல நீங்க யாரோ நான் யாரோ. முதல்ல பயம்தான் வந்துச்சு. அதுக்குப் பின்னாலயே இன்னொண்ணு வந்துச்சு. மாட்டிக்கிச்சுன்னு. தானா வரிசையில நிக்க வெச்ச பொண்ணு மாட்டிக்கிச்சுன்னு. ஒரு சின்னச் சந்தோஷம். நான் அதை வேணும்னு வரவழைக்கலை, அதுவா வந்துச்சு.

அன்னைக்குப் போய்ச் சொல்லலை. சனிக்கிழமையும் சொல்லலை. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுட்டிருந்தேன். ஞாயித்துக்கிழமை வீட்டுல இட்லிக்கு மாவு ஆட்டிட்டு இருக்கறப்ப அந்த அம்மாவோட ரெண்டு பிள்ளைங்க, மூஞ்சி கூடத் தெரியாது எனக்கு, அதுக நினைப்பே வந்துட்டிருந்துச்சு. திங்கக்கிழமை காலையில டாக்டர் வந்ததும் நான் எந்திரிச்சுப் போய் அவர் ரூம் கதவைச் சாத்தினேன்.

"சார், அந்தப் பொண்ணு பிளாக்கை மாத்தி எடுத்துருச்சு."

இப்படித்தான் சொன்னேன். அந்தப் பொண்ணு மாத்தி எடுத்துருச்சு. வேற எப்படிச் சொல்றது? எடுத்தது அதுதானே?

அவர் மூஞ்சியில ரத்தமே இல்லை. ரெண்டு பிளாக்கையும் கொண்டு வரச் சொல்லி மேசையில வெச்சுப் பாத்துட்டு, "சீவுங்க"ன்னார். நானே சீவினேன். ரெண்டு தடவை கிழிஞ்சு போச்சு. மூணாவது தடவை சரியா வந்துச்சு. அவர் பாத்துட்டு ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவே இல்லை. அப்புறம் சொன்னார், "கேன்சர்தான், நாயகிம்மா. சின்னதுதான். ஆனா அதுதான்."

அந்த அம்மாவுக்கு போன் பண்ணினார், அவரே. நான் வெளிய நின்னேன்.

அப்புறம் எல்லாரையும் கூப்பிட்டார். யார் அந்த பிளாக்கை எடுத்ததுன்னு கேட்டார். அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் பாத்ததில்லை.

"நான்தான் சார் எடுத்தேன்"ன்னுச்சு அந்தப் பொண்ணு.

"ரெண்டு ஏழு இருக்குதுன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சும் சரி பாக்காம எடுத்தியா?"

நான் அதோட மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறேன். இப்ப சொல்லப் போகுது. அக்காதான் முன்னால இருக்கறதை எடுக்கச் சொன்னாங்கன்னு. சொல்லட்டும், நானும் பதிலுக்கு ஏதாச்சும் சொல்லிக்கலாம்னு வாயைத் தயார் பண்ணிட்டு நிக்கறேன்.

"ஆமா சார். நான் சரி பாத்திருக்கணும்."

அவ்வளவுதான். என் பக்கம் திரும்பிக் கூடப் பாக்கலை.

ஏங்க, சொல்லியிருக்கலாம்ல? எனக்கு வந்த ஆத்திரம் இருக்குதே. நான் கேட்டனா அதுகிட்ட, என்னைக் காப்பாத்துன்னு? எதுலயும் அதுதான் மேல நிக்கணும். புது முறை கொண்டு வர்றதுலயும் அதுதான். மிஷின் சரி பண்றதுலயும் அதுதான். தப்பைத் தலையில தூக்கி வெச்சுக்கறதுலயும் அதுதான்.

நடந்ததை எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. அதுதான் எழுதுச்சு. நான் வாங்கி ரெண்டு தடவை படிச்சுப் பாத்தேன். "இரண்டு மாதிரிகளின் லேபிளிலும் ஒரே தேதி இருப்பதுபோல் தோன்றியது, எது தேதி, எது மாதம் என்று அறிய வழியில்லை"ன்னு எழுதியிருந்துச்சு. யாரு பேரும் இல்லை. என் பேரும் இல்லை. புள்ளியைப் பத்தியும் இல்லை. அறிய வழியில்லைன்னு எழுதியிருக்குது பாருங்க. வழி இருந்துச்சு. அதுக்குத் தெரியாதுன்னு நான் நினைச்சிட்டிருந்தேன்.

அன்னைக்கு மத்தியானமே அந்த டிராயரை முடிச்சேன். புது லேபிள் ஒட்டற முன்னால ஒவ்வொரு புள்ளியையும் ரப்பர் வெச்சு அழிச்சேன்.

சுலோச்சனாம்மாவுக்கு ஆபரேஷன் ஆச்சு, ஜூலை முதல் வாரம். அக்குளுக்குப் பரவலை. டாக்டர் சொன்னார், ஒரு வாரம் பத்து நாள் தள்ளிப் போனதுல பெருசா ஒண்ணும் கெட்டுப் போகலைன்னு. ஆனா அந்த ரிப்போர்ட்டை நம்பி வீட்டுல இருந்திருந்தா? மருந்து ஏத்தினாங்க. முடியெல்லாம் போச்சு. போன மாசம் ஆஸ்பத்திரிக்கு வந்தப்ப தலையில துணி கட்டிட்டு லேபுக்கு வந்தாங்க.

"தப்பைக் கண்டுபிடிச்சவங்க யாருன்னு டாக்டரைக் கேட்டனுங்க. நீங்கதான்னு சொன்னார்."

என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாங்க. சமைச்சுச் சமைச்சுக் காச்சுப் போன கை. "உங்க கண்ணுதானுங்க அக்கா எனக்கு உசுரு குடுத்துச்சு. என் பெரிய பொண்ணு தினமும் உங்க பேரைச் சொல்லிச் சாமி கும்பிடறா"ன்னாங்க.

டாக்டர் பக்கத்துல நின்னுட்டு, "நாயகிம்மா இல்லைன்னா இந்த லேபே இல்லை"ன்னார். எத்தனை மாசம் கழிச்சு! கேக்கணும் கேக்கணும்னு நான் கிடந்த வார்த்தை. எல்லார் முன்னாலயும் சொல்றார். அந்தப் பொண்ணு ரெண்டு மேசை தள்ளி நின்னு சிரிச்ச மூஞ்சியோட பாத்துட்டிருக்குது. அந்த அம்மா அதைத் திரும்பிக் கூடப் பாக்கலை. மாத்தி எடுத்தது அதுதான்னு யாரோ சொல்லியிருப்பாங்க போல.

எனக்கு நல்லா இருந்திருக்கணுமில்லைங்களா? நல்லாவே இல்லைங்க.

நேத்து அந்தப் பொண்ணுக்குக் கடைசி நாள். பெங்களூர்ல வேலை கிடைச்சிருக்குது, இதை விடப் பெரிய லேபு. கேக் வெட்டினாங்க. டாக்டர் ஒரு பேனா குடுத்தார். எல்லாரும் போனதுக்கப்புறம் அது மேசையைத் துடைச்சிட்டிருந்துச்சு. நான் போய்ப் பக்கத்துல நின்னேன்.

"அன்னைக்கு நீ கேட்டப்ப நான் திரும்பிப் பாத்திருந்தா சொல்லியிருப்பேன். எனக்கு ஒரு அடையாளம் இருந்துச்சு"ன்னேன்.

"தெரியும்க்கா"ன்னுச்சு.

"என்ன தெரியும்?"

"புள்ளி. அன்னைக்கு திங்கக்கிழமை ரெண்டு பிளாக்கும் டாக்டர் மேசையில இருந்துச்சுல்லா, அப்பமே பாத்தேன். அந்த டிராயர்ல மத்ததையும் பாத்தேன், தலைகீழா அடிச்சது எல்லாத்துலயும் இருந்துச்சு. நல்ல யோசனைக்கா அது. எங்கிட்டச் சொல்லியிருக்கலாம் நீங்க."

"தெரிஞ்சும் ஏன்டி யார்கிட்டயும் சொல்லலை?"

துணியை மடிச்சு வெச்சுச்சு. "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்க்கா. நாலு நாள்ல சொல்லுவீங்கன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு மாசத்துலன்னு நினைச்சேன்"ன்னுச்சு. "எனக்கும் கோவம் இருந்துச்சுக்கா. ஊருக்குப் போய் அம்மாகிட்ட அழுதேன். இல்லைன்னு நினைக்காதீங்க."

பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு, "வாரேன்க்கா"ன்னு போயிருச்சு.

காலையில எந்திரிச்சதும் டாக்டர் வீட்டுக்குப் போனேன். வாசல்லயே வெச்சு எல்லாத்தையும் சொன்னேன். கேட்டுட்டு அவர் உக்காருங்கன்னு கூடச் சொல்லலை. "பெனிட்டா கிளம்பிட்டாளா?"ன்னுதான் கேட்டார். கிளம்பிட்டா சார்ன்னேன். "திங்கக்கிழமை பேசுவோம்"னு உள்ள போயிட்டார். என்ன செய்வாரோ, செய்யட்டும். இனி என் மேசைக்கு வந்து கதை கேக்க மாட்டார், அது மட்டும் தெரியும்.

அங்க இருந்து நேரா பஸ் ஏறிட்டேன். சுலோச்சனாம்மாகிட்டயும் சொல்லிரணும். அந்தப் பெரிய பொண்ணு தினமும் என் பேரைச் சொல்லிக் கும்பிட்டுட்டிருக்குதே, அதைப் பாத்துச் சொல்லணும், நான் திரும்பிப் பாக்கலைன்னு. அடிச்சாலும் சரி, வெளிய போன்னாலும் சரி. தேதி, நம்பர், டிராயர்னு நீட்டாம சுருக்கமாச் சொல்லணும். உங்ககிட்டச் சொன்ன மாதிரி சொன்னா அவங்களுக்குப் பொறுமை இருக்காது.

இதோ, கோமங்கலம் வந்துருச்சு. அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க. டிரைவர் தம்பி, ஒரு நிமிஷம், ஆள் இறங்கணும்!

எனக்கு ஒரே ஒரு பயம்தாங்க. பெனிட்டா நேத்தே லேபை விட்டுக் கிளம்பிருச்சு, ஆனா பெங்களூருக்கு ரயில் நாளைக்குத்தானாம். எனக்கு முன்னாலயே இங்க வந்து, தப்பெல்லாம் என்னோடதுதான்னு சொல்லி மன்னிப்பு கேட்டுட்டுப் போயிருக்கக் கூடாது. செய்யக் கூடியவதான். இதையாச்சும் அவ எனக்கு விட்டு வெச்சிருக்கணும்.